கிணற்றுக்கு வெள்ளையடித்த மல்காஜ்கிரி

சிகந்தராபாத் ரயில் நிலைய வாசலில் நின்ற ஆட்டோக்காரருக்கு என்னைவிட என் பெட்டியின் மேல்தான் சந்தேகம். தகரப் பெட்டி, பூட்டுப் போட்டது. தூக்கினால் உள்ளே இரும்பு உருளும். உள்ளே என்ன என்று கேட்டார். கிணற்றை அளக்கிற நாடா என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கைக்கு?" என்றார். எதற்கு என்று அர்த்தமாம். "கிணறு என்ன, ராத்திரியில் எழுந்து ஓடிவிடுமா? அளந்து வைத்து என்ன பண்ணப் போகிறீர்கள்?"

நியாயமான கேள்வி. சென்னையில் எங்கள் தெருவில் அந்தக் கோடையில் கிணறுகள் எல்லாம் ஓடித்தான் போயிருந்தன. தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டால் குடத்தோடு பாய்கிற ஊரிலிருந்து வருகிறவளுக்கு, அளப்பதற்குக் கிணறு என்று ஒன்று இருப்பதே பெரிய விஷயம். இதையெல்லாம் சொல்லும் அளவுக்கு என் இந்தி போதாது. "சர்க்கார் வேலை" என்றேன். "ஹவ், ஹவ்" என்று தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார். சர்க்கார் வேலைக்குக் காரணம் தேவையில்லை என்பது எல்லா மொழிக்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் நிலத்தடி நீர்ப் பிரிவில் எனக்கு வேலை. மௌலா அலிக் குன்றுக்குப் பக்கத்தில் ஒரு கல் குவாரி. ரயில் பாதைக்குப் போடுகிற ஜல்லி அங்கிருந்து போய்க்கொண்டிருந்தது. மேலே இருந்த கல் தீர்ந்துவிட்டதால் பள்ளத்தை இன்னும் ஆழமாகத் தோண்ட அனுமதி கேட்டிருந்தார்கள். தோண்டினால் சுற்றியிருக்கிற நிலத்துக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும் என்று பார்த்துச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. அந்த நாளில் இப்படிப் பார்த்துச் சொல்வதே புதிது. 'சுற்றுச்சூழல் பாதிப்பு' என்ற வார்த்தையை எங்கள் மேலாளர், மாமனார் வீட்டில் புது மாப்பிள்ளை இன்னொரு கரண்டி சாம்பார் கேட்பது போலத் தயங்கித் தயங்கித்தான் சொல்வார்.

குவாரிக்கு மிக அருகில் இருந்த கிணறு, மல்காஜ்கிரி எல்லையில் என் நாத்தனார் குடியிருந்த லைன் வீடுகளின் பொதுக் கிணறு. "உங்களுக்குத்தான் அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே" என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். செண்பகம் அக்காவுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தேன்: வருகிறேன், உங்கள் கிணற்றைப் பார்க்க வேண்டும், ஆபீஸ் வேலை. அவ்வளவுதான் சொன்னேன். அதுவே போதுமானதாக இருந்தது.

ஆட்டோ நின்றதும் முதலில் கண்ணில் பட்டது அக்கா இல்லை, கிணறு. சுற்றுச்சுவர் முழுக்கப் பளீரென்று சுண்ணாம்பு. விளிம்பில் காவிப் பட்டை. ராட்டினத்துக்கு எண்ணெய், புதுக் கயிறு, புது வாளி. பக்கத்தில் நின்ற வேப்பமரத்துக்கும் இடுப்பளவுக்கு வெள்ளையடித்து விட்டிருந்தார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று உட்கார்த்தி வைத்த மாதிரி இருந்தது கிணறு.

"வா வா! இன்னா இப்டி எளச்சிட்டே? என் தம்பி சோறு போட்றானா இல்லியா?" என்று அக்கா பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். அரக்கோணத்துக்காரி. கல்யாணமாகி வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அரக்கோணத்தை விடவில்லை, மல்காஜ்கிரியையும் சேர்த்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் துரை அண்ணன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். பேச்சு குறைவு. "நல்லாருக்கியாம்மா" என்பதோடு அன்றைய கணக்கை முடித்துக்கொண்டார்.

அவர்கள் பெண் ரேவதி கல்லூரியில் படிக்கிறவள். நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள். நான் விழித்தால் இந்திக்கு மாறுவாள். அதற்கும் விழித்தால் ஆங்கிலம். தமிழ் மட்டும் வராது. "எல்லாம் புரியும் அவளுக்கு. வாயத் தொறக்கத்தான் கூச்சம்" என்றாள் அக்கா.

சாப்பாடு தடபுடல். புளிச்சக்கீரையை இந்த ஊர்க்காரர்கள் மாதிரி பச்சை மிளகாய் போட்டுக் கடைந்து, அரக்கோணத்துக் கருவாட்டுக் குழம்போடு சேர்த்து வைத்திருந்தாள். இரண்டும் ஒரே தட்டில் சண்டை போடாமல் இருந்ததே ஆச்சரியம். தட்டு என்று சொன்னது தவறு. வாழையிலை கிடைக்காத ஊரில் தைத்த இலையில் பரிமாறினாள். விருந்தாளிக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். குளிக்க ஒரே ஒரு வாளித் தண்ணீர் வைத்தாள். அலுப்பில் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை கிணற்றை அளந்தேன். லைனில் இருந்த பெண்கள் எல்லாம் வாசலில் நின்று பார்த்தார்கள். எங்கள் முறை எளியது. நாடாவின் நுனியில் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்து உள்ளே இறக்க வேண்டும். நனைந்த இடம் நிறம் மாறும், அதை வைத்துத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். நான் அவ்வளவு மெனக்கெட்டிருக்க வேண்டியதில்லை. எட்டிப் பார்த்தால் முகம் தெரிந்தது. கோடையில், குவாரிக்குப் பக்கத்தில், கல் பூமியில், கிணறு நிறையத் தண்ணீர்! சென்னைக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்டி நம்ம கிணறு?" என்றாள் அக்கா.

"பிரமாதம் அக்கா."

லைன் முழுவதும் ஒரு பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அர்த்தம்தான் புரியவில்லை.

அன்றே குவாரிக்குப் போனேன். மேற்பார்வையாளர் மல்லையா, என் வயதுதான் இருக்கும், தலையில் துண்டும் காதில் பீடியுமாக வந்து வரவேற்றார். முதலில் டீ, அப்புறம்தான் கல் என்றார். பாலில் ஊறிப்போன கெட்டி டீயும், வாயில் போட்டால் உப்பும் இனிப்புமாகக் கரைகிற பிஸ்கட்டும் வந்தன. சென்னை ஆபீஸ் கேன்டீனில் தருவதற்குப் பெயரும் டீதான்.

பள்ளத்தின் விளிம்பில் நின்று பார்த்தேன். கீழே ஆணும் பெண்ணுமாகக் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அடியில் தேங்குகிற தண்ணீரை ஒரு பம்ப் ஓயாமல் இறைத்து வெளியே சாக்கடைக் கால்வாயில் கொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் நின்றால் கல் உடைக்க முடியாது. "இன்னும் கீழே போக விடாவிட்டால் இந்த வருஷத்தோடு மூட வேண்டியதுதான் அம்மா" என்று எனக்குப் புரிகிற மாதிரி இந்தியில் சொன்னார் மல்லையா. "இத்தனை பேரும் எங்கே போவார்கள்? கல்லைத் தவிர எங்களுக்கு ஒன்றும் தெரியாது." திரும்பும்போது குவாரிக்கும் லைன் வீடுகளுக்கும் நடுவே, மேட்டில், ஒரு பழைய பள்ளத்தைக் காட்டினார். அவருடைய அப்பா காலத்தில் உடைத்துக் கைவிட்டது. காய்ந்து கிடந்தது, ஆடுகள் உள்ளே இறங்கி மேய்ந்தன.

எனக்கு மனம் லேசாக இருந்தது. கிணறு நிறைந்திருக்கிறது, குவாரியால் கெடுதல் இல்லை, இவர்களும் பிழைத்துப் போகட்டும். இப்படி எல்லோரையும் சந்தோஷப்படுத்தும் வாய்ப்பு என் வேலையில் அபூர்வம்.

இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க, குவாரியிலிருந்து தள்ளியிருக்கிற கிணறு ஒன்றையும் அளக்க வேண்டும். அதற்காக லோத்குண்டாவுக்கு பஸ் ஏறினேன். கண்டக்டர் சொன்ன நிறுத்தத்தை விட்டுவிட்டு அடுத்ததில் இறங்கி, குறுக்கு வழி என்று நினைத்து ஒரு முள்வேலியை ஒட்டி நடந்தேன். அது ராணுவத்து நிலம். கையில் வரைபடம், தோளில் நாடா, ஆள் துணையில்லாத ஒரு பெண். காவலுக்கு நின்ற சிப்பாய்க்கு இதைவிடப் பொருத்தமான உளவாளி அமைய மாட்டாள்.

பெட்டியைத் திறக்கச் சொன்னார். சுண்ணாம்புக் கட்டியை முகர்ந்து பார்த்தார். என் அடையாள அட்டையை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார். கடைசியில், "கிணறா? இந்த வெயிலிலா?" என்று கேட்டுவிட்டுத் தன் புட்டியிலிருந்து எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மிலிட்டரிக்காரர்கள் சந்தேகப்படுவதிலும் உபசரிப்பதிலும் ஒழுங்கு தவறுவதில்லை. வழியும் காட்டினார்.

லோத்குண்டாக் கிணற்றில் நாடா இறங்கிக்கொண்டே போனது. அடியில்தான் தண்ணீர். கோடையில் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் குவாரிக்கு எட்டத்தில் இருக்கிற கிணறு வற்றிக் கிடக்க, குவாரியை ஒட்டிய கிணறு எப்படித் தளும்பும்? திரும்பி வந்த பஸ்ஸில், ஒரு கோழிக்கூடைக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே நசுங்கிக்கொண்டு, அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கொல்லைப்புறம் போனேன். அழுக்குத் துணி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அண்டாவில் கழுவாத பாத்திரங்கள். மூலையில் பழைய கயிறு சுருட்டிக் கிடந்தது. பிரித்துப் பார்த்தேன். கிணற்றில் போட்டிருந்த புதுக் கயிற்றைப்போல மூன்று மடங்கு நீளம். கைப்பிடியில் தேய்ந்து கறுத்திருந்தது.

"அக்கா, எட்டிப் பிடிக்கிற தண்ணிக்கு இவ்வளவு நீளக் கயிறு எதுக்கு?"

அக்கா அடுப்பைப் பார்த்தாள். ரேவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். துரை அண்ணன் நான் வந்ததிலிருந்து தன் இரண்டாவது வாக்கியத்தைப் பேசினார். "சொல்லிடு செண்பகம்."

சொன்னாள். நான் வருகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து லைனில் ஒருவரும் கிணற்றில் தண்ணீர் எடுக்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற குழாய்த் தண்ணீரில் எல்லோரும் சமாளித்தார்கள். துவைக்கவில்லை. சரியாகக் குளிக்கக்கூட இல்லை. பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். வெள்ளையடித்தார்கள்.

"ஏன் அக்கா?"

"இன்ஸ்பெக்‌ஷன் இல்லியா?" என்று திருப்பிக் கேட்டாள். "பட்டறைக்குப் பெரிய சாப் வர்றார்னா இன்னா பண்ணுவாங்கோ? கல்லுக்கு வெள்ளையடிப்பாங்கோ, மரத்துக்கு வெள்ளையடிப்பாங்கோ, தீ வாளியில தண்ணி ரொப்பி வெப்பாங்கோ. நாங்க ரயில்வே ஜனம். இன்ஸ்பெக்‌ஷன்னா எங்களுக்குத் தெரியாதா? அதுவும் வர்றது நம்ம வூட்டுப் பொண்ணு. நீ கையெழுத்துப் போட்ற எடத்துல நம்ம கிணறு மானத்த வாங்கலாமா?"

எனக்குக் கோபம் வந்தது. கத்திவிட்டேன். இந்த அளவை நான் எழுதிக் கொடுத்திருந்தால் குவாரிக்காரர்கள் தாராளமாகக் கீழே போவார்கள், அடுத்த கோடையில் உங்கள் கிணற்றில் வெள்ளையடித்த சுவர் மட்டும்தான் இருக்கும் என்றேன். அக்காவின் முகம் சுருங்கிப்போனது. "வத்துமா? மொத்தமாவா?" என்று மெதுவாகக் கேட்டாள். "இந்தக் குழாயை நம்பி இருக்க முடியாதும்மா. கிணறு போச்சுன்னா லைனே காலி பண்ணணும்."

எனக்காகக் குளிக்காமல் இருந்தவர்கள் மேல் எவ்வளவு நேரம் கோபப்பட முடியும்? என் வாழ்க்கையில் யாரும் எனக்கு இப்படி ஒரு மரியாதை செய்ததில்லை.

"சரி, நாளைக்கு எல்லாரும் துவைங்க" என்றேன். "மூட்டையெல்லாம் அவிழுங்க. கிணறு அடி தெரிகிற வரைக்கும் இறையுங்க. அப்புறம் எவ்வளவு சீக்கிரம் ஊறுதுன்னு பார்க்கலாம். நிறைஞ்ச கிணறு ஒண்ணும் சொல்லாது அக்கா. காலியான கிணறு திரும்பி வர்ற வேகம்தான் விஷயம்."

அப்படி ஒரு துவையலை நான் எங்கும் பார்த்ததில்லை. லைன் முழுவதும் சோப்பு நுரை. ராட்டினம் ஓய்வில்லாமல் கிறீச்சிட்டது. மத்தியானத்துக்குள் பழைய கயிறே பற்றாத ஆழத்துக்குத் தண்ணீர் இறங்கியது. மறுநாள் காலை நாடாவை இறக்கினேன். கிணறு ஏறியிருந்தது கொஞ்சம், மிகக் கொஞ்சம். அந்தப் பக்கம் குவாரி பம்ப் ஓடும் சத்தம் எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

குவாரிதான் காரணம் என்று இதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. கோடை என்பார்கள். கல் பூமி என்பார்கள். பம்ப் நின்றால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். ஆனால் வேலை நாளில் பம்ப்பை நிறுத்தச் சொல்ல எனக்கு ஏது அதிகாரம்? இதைப் புலம்பியபோதுதான் ரேவதி தெலுங்கில் ஏதோ சொன்னாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டு மொழிபெயர்த்தாள்: "உரூஸ் வருதேன்றா! குன்னு மேல தர்காவுல திருவிழா. அன்னிக்கு ஒருத்தனும் கல்லத் தொட மாட்டான். பம்ப்புக்காரன்கூட மல ஏறிடுவான்."

மல்லையாவிடம் கேட்டேன். "ஹவ் அம்மா. எங்கள் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். அந்த மலை இருக்கிற பக்கம் அன்றைக்கு உளி எடுக்க மாட்டோம்" என்றார்.

உரூஸ் தொடங்குகிற அன்று காலையில் மறுபடியும் இறைத்தோம். முதல் தடவை எவ்வளவு இறக்கினோமோ அதே அளவுக்கு இறக்க வேண்டும் என்றேன். துவைக்க என்ன இருக்கிறது? திரைச்சீலை துவைத்தார்கள், கோணிப்பை துவைத்தார்கள். என்னை இறக்கிவிட்ட ஆட்டோக்காரர் அந்தப் பக்கமாக வந்தவர், "நக்கோ, நக்கோ" என்று கதறக் கதற அவர் சீட்டு உறையைக் கழற்றித் துவைத்தாள் அக்கா. தண்ணீரைச் சும்மா கீழே கொட்ட மட்டும் ஒருத்திக்கும் மனம் வரவில்லை.

சாயங்காலம் எல்லோரும் குன்று ஏறினோம். படிக்கட்டு முழுக்கப் பூவும் சர்க்கரையும் ஊதுபத்தியும். துரை அண்ணன் முன்னால் போனார். மல்லையா குடும்பத்தோடு வந்திருந்தார், தன் பெண்டாட்டியிடம் என்னைக் காட்டி, "நம் சோற்றை அளக்க வந்த அம்மா" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் குத்தியது. மேலேயிருந்து பார்த்தால் குவாரி தெரிந்தது, பழைய பள்ளம் தெரிந்தது, லைன் வீடுகளின் ஓடும் வேப்பமரமும் தெரிந்தன. பம்ப் சத்தம் இல்லை. அக்கா சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு, "கிணறு நல்லா இருக்கணும்னு வேண்டிக்கினேன். குவாரியும்" என்றாள்.

மறுநாள் நாடாவை இறக்கினேன். பாதிக்கு மேல் ஏறியிருந்தது கிணறு. அதே கிணறு, அதே வெயில், அதே துவையல். பம்ப் மட்டும்தான் ஓடவில்லை.

அறிக்கையில் குவாரியை மூடு என்றும் எழுதவில்லை, தோண்டு என்றும் எழுதவில்லை. இறைக்கிற தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் மேட்டிலிருக்கிற பழைய பள்ளத்தில் விடட்டும். கொஞ்சம் குவாரிக்கே திரும்பும், மீதி மெல்ல இறங்கிக் கிணறுகளுக்குப் போகும். அதைச் செய்த பிறகு, கிணறு தாங்குகிற வரைக்கும் தோண்டட்டும். மல்லையாவிடம் முதலில் சொன்னேன். குழாய் போட எத்தனை ஆள் வேண்டும் என்று உடனே விரல் மடக்க ஆரம்பித்தார்.

கடைசி நாள் எங்கள் நிறுவனத்தின் உள்ளூர் அலுவலகத்துப் பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். கண்ணாடி, சஃபாரி உடை. என் அளவுகளைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் வித்தியாசத்தை வைத்து என்ன சொல்ல முடியும் என்று ஆங்கிலத்தில் இழுத்தார். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது, இழுப்பது தெரியும். நேராகப் போய்ப் பழைய கயிற்றை அவர் கையில் கொடுத்தாள். "கீஞ்சோ சாப், கீஞ்சோ!"

மனிதர் மறுக்க முடியாமல் இழுத்தார். குவாரி பம்ப் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. லைன் பெண்களும் காலையிலேயே வேண்டிய மட்டும் இறைத்துவிட்டிருந்தார்கள். கயிறு வந்துகொண்டே இருந்தது. வாளி மேலே வந்தபோது அதில் பாதித் தண்ணீரும் அவர் சட்டையில் முழுத் தண்ணீருமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். அப்புறம் இழுக்கவில்லை. பழைய பள்ளத்துக்குக் குழாய் போடும் வரை கீழே தோண்டக்கூடாது, தோண்டுகிற காலம் முழுக்க மாதாமாதம் இந்தக் கிணற்றை அளக்க வேண்டும், தண்ணீர் இறங்கினால் தோண்டுவதும் நிற்க வேண்டும் என்று எழுதச் சொன்னார். "யார் அளப்பார்கள்? எனக்கு ஆள் இல்லை" என்றார்.

ரேவதி, அந்த வாரம் முழுக்க என்னிடம் ஒரு தமிழ் வார்த்தைகூடப் பேசாதவள், "அத்தை, அம்மா அளக்கும்" என்றாள்.

நாடாவையும் சுண்ணாம்புக் கட்டியையும் அக்காவிடம் விட்டுவிட்டேன். காலிப் பெட்டியில் அவள் முறுக்கும் புளிச்சக்கீரை ஊறுகாயும் நிரப்பினாள். ரயிலில் குடிக்க ஒரு கூஜா தண்ணீர், அதுவும் கிணற்றுத் தண்ணீர். ரயில் நகர்ந்தபோது பிளாட்பாரத்தில் கூடவே நடந்து வந்தாள்.

"பயப்படாதே! மாசா மாசம் எல்லாரும் தொவச்சி முடிச்சப்புறம்தான் அளப்பேன்! வெள்ளையடிக்க மாட்டேன்!" என்று கத்தினாள். ரயில் பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சிரிப்பும் அழுகையுமாகக் கூஜாவைத் திறந்து ஒரு வாய் குடித்தேன். பிளீச்சிங் பவுடர் வாசனை அடித்தது. முதலில் போட்டதெல்லாம் துவையலோடு போயிருக்கும். பெரிய அதிகாரி வருகிறார் என்றதும் ஒரு பிடியாவது போடாமல் அக்காவால் இருக்க முடியவில்லை.